வண்டியின் எடையும் பெட்ரோல் செலவும்: ஒரு நேர்கோட்டை ரீசெட் சோதனையில் நிறுத்திப் பார்த்தது

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கணினியில் ஏற்றினால் அதோடு சில தரவுத் தொகுப்புகளும் சேர்ந்தே வரும். அவற்றில் ஒன்று எம்டிகார்ஸ். அமெரிக்காவின் 'மோட்டார் ட்ரெண்ட்' இதழ் 1974இல் வெளியிட்ட விவரங்களிலிருந்து தொகுக்கப்பட்டது. 1973-74 மாடல் கார்கள் 32. காருக்குப் பதினொரு எண்கள். தொடர்புப் போக்கை (ரெக்ரஷன்) கற்பிக்கும் எத்தனையோ பாடங்கள் இதில்தான் தொடங்குகின்றன: எடையை வைத்து மைலேஜைக் கணிக்கும் ஒரு கோடு, 0.75 என்ற தீர்மானக் கெழு (மைலேஜின் மாறுபாட்டில் கோடு விளக்கும் பங்கு), அத்தோடு பாடம் முடிந்தது. அந்தக் கோடு சரியில்லை என்பதற்கான சாட்சி அதே 32 கார்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒரு மாலைப்பொழுதும் மூன்று நான்கு கட்டளைகளும் போதும்.

முதலில் அளவைகள். எடை ஆயிரம் பவுண்டுக் கணக்கில் உள்ளது. மைலேஜ், ஓர் அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல் என்பது. ஒரு கேலன் 3.785 லிட்டர், ஆகவே பட்டியலின் முதல் வரியிலுள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்4 காட்டும் 21 என்பது நம் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.9 கிலோமீட்டர்.

விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி கோடு போடும் மீச்சிறு வர்க்க முறையில் கோட்டைப் பொருத்தியபோது கிடைத்தது இது: மைலேஜ் = 37.2851 − 5.3445 × எடை. தீர்மானக் கெழு 0.7528. எச்சங்களின், அதாவது உண்மை மைலேஜுக்கும் கோடு கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின், திட்டப்பிழை 3.05. எடையின் கெழுவுக்கான (எடையைப் பெருக்கும் எண்ணுக்கான) பி-மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு பெரிய கெழு கிடைக்கும் வாய்ப்பு, பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. இங்கேயே நிறுத்திக்கொள்ளத் தூண்டும் எண்கள்தாம். ஆனால் இவை சொல்வதெல்லாம் எடைக்கும் மைலேஜுக்கும் தொடர்பு உண்டு என்பதை மட்டுமே. அந்தத் தொடர்பு நேர்கோடா என்ற கேள்வியை இதுவரை யாரும் தரவிடம் கேட்கவே இல்லை.

எச்சங்களை எடை வரிசையில் அடுக்கினேன். எடை குறைந்த பக்கத்தில் ஃபியட் 128 கோட்டுக்கு 6.87 மைல் மேலே நிற்கிறது. டொயோட்டா கொரோலா 6.42 மேலே. எடை கூடிய கோடியில் கிரைஸ்லர் இம்பீரியல் 5.98 மேலே, லிங்கன் கான்டினென்டல், கேடிலாக் ஃப்ளீட்வுட் இரண்டும் கோட்டுக்கு மேலேதான். நடுவில் ஃபோர்டு பன்டேரா 4.54 கீழே, டஸ்டர் 360 3.91 கீழே, ஏஎம்சி ஜாவலின் 3.73 கீழே. இரு முனைகளும் மேலே, நடு கீழே. கண்ணுக்கு இது வளைவு. ஆனால் கண் எதையும் வளைவாகப் பார்க்கும். 32 புள்ளிகளில் தற்செயலாகவும் இப்படி ஒரு தோற்றம் அமையலாம். அதனால்தான் சோதனை வேண்டும்.

பொருளியலாளர் ஜேம்ஸ் ராம்சே 1969இல் முன்வைத்த ரீசெட் சோதனையின் யோசனை மிக எளியது. சமன்பாடு சரியாக அமைந்திருந்தால், அது கணித்த மதிப்புகளை வர்க்கப்படுத்தி மீண்டும் அதே சமன்பாட்டில் ஒரு கூடுதல் மாறியாகச் சேர்த்தாலும் எதுவும் மேம்படக் கூடாது. மேம்பட்டால், நாம் நேர்கோடாக எழுதிய இடத்தில் வளைவு ஒளிந்திருக்கிறது. கணித்த மதிப்பை எதற்காக வர்க்கப்படுத்த வேண்டும், மாறிகளையே வர்க்கப்படுத்தலாமே என்று கேட்கலாம். இந்தத் தொகுப்பில் மைலேஜ் போக மாறிகள் பத்து. அவற்றின் வர்க்கங்கள் பத்து, இரண்டிரண்டாகப் பெருக்கினால் 45; மொத்தம் 55 கூடுதல் உறுப்புகள். கார்களோ 32. அந்தக் கணக்கைப் போடவே முடியாது. கணித்த மதிப்பின் வர்க்கமோ அந்த 55 உறுப்புகளின் ஒரு குறிப்பிட்ட கலவையை ஒரே உறுப்புக்குள் அடக்கிவிடுகிறது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1949இல், கூட்டல் அமைப்பு (காரணிகளின் விளைவுகளைக் கூட்டினாலே போதும் என்பது) பொருந்துகிறதா என்று பார்க்க இதே சிக்கனத்தைக் கையாண்டிருக்கிறார். குறைந்த தரவில் நேர்மையாகக் கேள்வி கேட்க வழி தேடிய அந்தத் தலைமுறையின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

ஆரில் எல்எம்டெஸ்ட் என்ற நிரல் தொகுப்பு இந்தச் சோதனையைச் செய்து தரும். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அது வர்க்கம், கனம் (மூன்றாம் படி) இரண்டையும் சேர்க்கும். 32 கார்களுக்கு ஒன்றே போதும் என்று வர்க்கத்தை மட்டும் கேட்டேன். எடை என்ற ஒரே மாறி இருக்கும்போது கணித்த மதிப்பின் வர்க்கத்தைச் சேர்ப்பதும் எடையின் வர்க்கத்தைச் சேர்ப்பதும் ஒன்றுதான் என்பதால் விடையைக் கையாலும் சரிபார்க்கலாம். நேர்கோட்டில் எச்ச வர்க்கங்களின் கூட்டுத்தொகை 278.3, இருபடி உறுப்பைச் சேர்த்ததும் அது 203.7 ஆகிறது. குறைந்த 74.6ஐ, 203.7ஐ 29ஆல் (32 கார்களில் மூன்று கெழுக்கள் போக மிச்சம்) வகுத்து வரும் 7.03ஆல் வகுத்தால் எஃப் மதிப்பு 10.6; இது பெரிதானால் புதிய உறுப்பு உண்மையாகவே உதவுகிறது என்று பொருள். பி-மதிப்பு 0.003. கோடு நேரானது என்ற கருதுகோள் விழுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சோதனை இருபடி உறுப்பைச் சேர்த்துத்தானே கண்டுபிடித்தது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று. அப்படி வைத்தால் மைலேஜ் = 49.9308 − 13.3803 × எடை + 1.1711 × எடையின் வர்க்கம். தீர்மானக் கெழு 0.8191க்கு ஏறுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் இந்த வளைகோடு 5.71 ஆயிரம் பவுண்டில் அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்குகிறது. அங்கே கேலனுக்கு 11.7 மைல் கொடுக்கும் வண்டி, 7 ஆயிரம் பவுண்டு ஆனதும் 13.7 மைல் கொடுக்குமாம். எடை கூடக் கூட எரிபொருள் மிச்சமாகும் கார் எங்கேயும் இல்லை. நேர்கோடும் மேலானதல்ல, அதே 7 ஆயிரம் பவுண்டில் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. ரீசெட் மறுத்தது நேர்கோட்டை. இருபடிக் கோவையை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. மாற்று என்ன என்பதைச் சோதனையிடம் கேட்கக் கூடாது, காரிடம் கேட்க வேண்டும்.

காரிடம் கேட்டால் விடை நேராகவே வருகிறது. சக்கரம் உருளும்போது எழும் தடை எடைக்கு நேர்விகிதம். ஒவ்வொரு முறை வேகமெடுத்துப் பிரேக் போடும்போதும் வீணாகும் ஆற்றலும் அப்படியே. ஆகவே எடையோடு நேர்விகிதத்தில் கூடுவது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஆகும் எரிபொருள். மைலேஜ் அதன் தலைகீழி. நேர்கோட்டின் தலைகீழி அதிபரவளைவாகத்தான் இருக்கும். எச்சங்களில் கண்ட வளைவு அதுவே. நாமும் பேச்சில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். தொடர்புப் போக்குக்கு உகந்தது அந்த அளவைதான்.

எனவே 100ஐ மைலேஜால் வகுத்து, 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று மாற்றிக்கொண்டு மீண்டும் பொருத்தினேன். செலவு = 0.617 + 1.494 × எடை. ஆயிரம் பவுண்டு கூடினால் 100 மைலுக்கு ஒன்றரை கேலன் கூடுதல். யாருக்கும் விளக்கிச் சொல்லக்கூடிய எண். 7 ஆயிரம் பவுண்டு வண்டிக்கு இது தரும் கணிப்பு 11.1 கேலன், அதாவது கேலனுக்கு 9 மைல், நம்பக்கூடியது. இப்போது ரீசெட்: எஃப் மதிப்பு 0.11, பி-மதிப்பு 0.74. வளைவின் சுவடே இல்லை. கூடுதலாக எந்த உறுப்பையும் செலவழிக்காமல், அளவையைத் திருப்பி வைத்ததிலேயே வளைவு மறைந்துவிட்டது.

தீர்மானக் கெழு இப்போது 0.7919. இருபடிக் கோவையின் 0.8191ஐவிட இது குறைவு, ஆகவே அதுதான் மேல் என்று வாதிடுவது செல்லாது. இரண்டிலும் சார்ந்த மாறி வேறு; ஒன்று மைலேஜின் மாறுபாட்டை விளக்குகிறது, மற்றொன்று செலவின் மாறுபாட்டை. இரண்டு கெழுக்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வேலை இதோடு முடியவில்லை. எச்சங்களை மீண்டும் எடை வரிசையில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எடை குறைந்த பக்கத்தில் லோட்டஸ் யூரோப்பா, ஹோண்டா சிவிக், கொரோலா, ஃபியட் எக்ஸ்1-9, போர்ஷே 914 ஆகிய ஐந்தின் எச்சங்களும் அரை கேலனைத் தாண்டவில்லை. எடை கூடிய மூன்று கார்களிலோ கேடிலாக் 1.16 மேலே, லிங்கன் 0.90 மேலே, இம்பீரியல் 1.80 கீழே. எடை கூடக் கூட எச்சங்கள் சிதறுகின்றன. இதற்கு பிரூஷ்-பேகன் சோதனை இருக்கிறது: எச்சங்களின் வர்க்கத்தை எடையின் மீது பொருத்தி, அதில் கிடைக்கும் தீர்மானக் கெழுவைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. பழைய மைலேஜ் கோட்டில் இந்த மதிப்பு 0.04, பி-மதிப்பு 0.84. புதிய செலவுக் கோட்டில் 11.9, பி-மதிப்பு 0.0006. வளைவைப் போக்கிய அதே மாற்றம் சமமற்ற சிதறலைக் கொண்டுவந்திருக்கிறது.

இது எனக்கு வருத்தம் தரவில்லை. வளைவு கெழுவையே பொய்யாக்கும். எத்தனை கார்களைச் சேர்த்தாலும் அந்தப் பொய் திருந்தாது. சமமற்ற சிதறல் கெழுவைக் கெடுப்பதில்லை. கெழுவின் திட்டப்பிழையை மட்டுமே கெடுக்கும். அதற்குப் பொருளியலாளர் ஹால்பர்ட் வைட் 1980இல் வழி காட்டியிருக்கிறார்: சிதறல் சமம் என்ற நிபந்தனை இல்லாமலே திட்டப்பிழையைக் கணிக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ரீசெட்டின் எஃப் மதிப்பும் சிதறல் சமம் என்ற நிபந்தனையின் மேல் நிற்பதுதானே? அதனால் வைட் முறைத் திட்டப்பிழையோடு அந்த இருபடி உறுப்பை மறுபடி சோதித்தேன். திட்டப்பிழை கூடியது; உறுப்பின் முக்கியத்துவம் இன்னும் குறைந்தது. வளைவு இல்லை என்ற விடை மாறவில்லை.

அடுத்து, அந்த இம்பீரியல். 5,345 பவுண்டு எடையுள்ள கார் கேலனுக்கு 14.7 மைல் கொடுக்கிறது. அதற்குச் சற்றே கீழும் மேலும் உள்ள கேடிலாக் (5,250), லிங்கன் (5,424) இரண்டும் கொடுப்பது 10.4 மட்டும். கோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு தனியாக ஒரு பக்கம் இழுக்கும் இப்படிப்பட்ட புள்ளி, சோதனையின் விடையையே தன் கையில் வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். மைலேஜ் கோட்டில் ரீசெட்டின் எஃப் 10.6இலிருந்து 6.2க்கு இறங்கியது, பி-மதிப்பு 0.02. நேர்கோடு தவறு என்ற முடிவு தாங்கி நிற்கிறது. செலவுக் கோட்டில் எஃப் 0.11இலிருந்து 3.1க்கு ஏறியது, பி-மதிப்பு 0.74இலிருந்து 0.09க்கு வந்துவிட்டது. 0.05 என்ற வழக்கமான எல்லையை அது தாண்டவில்லை என்பது உண்மை. ஆனால் முன்பு கண்ட அமைதியில் பெரும்பங்கு ஒரே ஒரு காரால் வந்தது என்பதும் உண்மை. கேடிலாக்கும் லிங்கனும் மேல்நோக்கி வளைக்கப் பார்க்கின்றன. இம்பீரியல் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. 0.74 என்ற எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் வாசகருக்கு இது தெரிய வழியே இல்லை.

சோதனை அமைதியாக இருப்பதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதைப் பார்க்க, ஆரில் உள்ள இன்னொரு தரவுத் தொகுப்பு உதவுகிறது. 1920களில் எடுத்த அளவீடுகள், 50 பதிவுகள், மணிக்கு எத்தனை மைல் வேகம், பிரேக் போட்டபின் எத்தனை அடி தூரத்தில் வண்டி நின்றது. நிற்கும் தூரத்தில் ஒரு பங்கு வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பது இயற்பியலில் ஐயத்துக்கு இடமில்லாதது. நேர்கோட்டைப் பொருத்தினால் 4 மைல் வேகத்தில் வண்டி −1.8 அடியில் நிற்கும் என்கிறது, அதாவது பின்னோக்கி. கோடு தவறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் இருபடி உறுப்பைச் சோதித்தால் பி-மதிப்பு 0.136. புள்ளிகளின் சிதறல் அத்தனை பெரிது, வேகத்தின் வீச்சு அத்தனை குறுகியது. வளைவு இருக்கிறது, அதைக் காணும் திறன் அந்த 50 பதிவுகளுக்கு இல்லை.

செலவுக் கோட்டுக்குத் திரும்பி, எச்சங்களை இந்த முறை கார்களின் பெயரோடு படித்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். எண்களாக மட்டும் பார்த்தால் தெரியாதது பெயர்களில் தெரியும். கோட்டுக்கு மேலே, எடைக்கு மிஞ்சிக் குடிப்பவை: கமேரோ இசட்28 1.17, டஸ்டர் 360 1.04, பன்டேரா 0.98, மசெராட்டி போரா 0.72. கோட்டுக்குக் கீழே: மெர்சிடிஸ் 240டி 1.28, மெர்சிடிஸ் 230 0.94. மேலே இருப்பவை 245 முதல் 335 வரை குதிரைத்திறன் கொண்ட பெரிய எஞ்சின்கள். கீழே இருப்பவை 62, 95. அதிலும் 240டி டீசல் வண்டி. பெட்ரோல் கார்களுக்கு நடுவே அது இருப்பதை ஆரின் உதவிப் பக்கமே குறிப்பிட்டிருக்கிறது.

குதிரைத்திறனைச் சேர்த்தேன். செலவு = 0.630 + 1.149 × எடை + 0.0075 × குதிரைத்திறன். புதிய உறுப்புக்கு எஃப் மதிப்பு 10.5, பி-மதிப்பு 0.003. தீர்மானக் கெழு 0.847. ஒரே எடையுள்ள இரு கார்களில் ஒன்றுக்கு 100 குதிரைத்திறன் கூடுதலாக இருந்தால் 100 மைலுக்கு முக்கால் கேலன் அதிகம் ஆகும். எடையின் கெழு 1.494இலிருந்து 1.149க்கு இறங்கியிருப்பதையும் கவனிக்க வேண்டும்; இத்தனை நேரம் எஞ்சின் குடித்த எரிபொருளில் ஒரு பகுதி எடையின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. கெழுவில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான ஒரு பிழை கண்ணெதிரே இருந்தபோதும் ரீசெட் 0.74 என்று அமைதியாகவே இருந்தது.

இது ரீசெட்டின் குறையல்ல. அதன் அமைப்பே அப்படி. விடுபட்ட மாறி, சமன்பாட்டில் உள்ள மாறியோடு நேர்கோட்டுத் தொடர்பில் இருந்தால், அதன் விளைவு முழுவதும் கெழுவுக்குள் கரைந்துவிடும். எச்சத்தில் வளைவாக எதுவும் மிஞ்சாது. குதிரைத்திறன் எடையோடு ஏறக்குறைய அப்படித்தான் கூடிச் செல்கிறது; இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு (முழு நேர்கோட்டுத் தொடர்பு என்றால் 1) 0.66. ரீசெட்டை 'விடுபட்ட மாறிகளுக்கான சோதனை' என்று சில மென்பொருள்கள் தலைப்பிட்டுக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. மாணவர்கள் அந்தத் தலைப்பை நம்பி, எதுவும் விடுபடவில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

குதிரைத்திறன் வந்தபின் பன்டேராவின் எச்சம் 0.98இலிருந்து 0.08க்கு வந்துவிட்டது. 240டியின் எச்சம் பாதியானது; மிச்சம் டீசலுக்கு உரியதாக இருக்கலாம், ஒரே ஒரு டீசல் காரை வைத்து அதற்குமேல் சொல்ல இயலாது. இம்பீரியல் மட்டும் இன்னும் 1.69 கீழேதான். அதன் எஞ்சின் 230 குதிரைத்திறன், லிங்கனுடையதைவிட 15 அதிகம். அப்படியிருந்தும் செலவு குறைவு. எடையோ எஞ்சினோ இதை விளக்கவில்லை. 1974 இதழின் அசல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த வரியை நீக்க எனக்கு உரிமை கிடையாது என்று நினைக்கிறேன். ஆகவே என் குறிப்பில் ரீசெட் முடிவுகளை இரு வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்: இம்பீரியலோடு 0.74, இம்பீரியல் இல்லாமல் 0.09.